"நீங்கள் என்ன செய்தீர்கள்?" – குடும்ப உறவை முன்வைத்துப் புகலிடம் கேட்டவர்களின் அனுபவங்கள்

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்:

புகலிட நேர்காணல்களில் மொழிபெயர்க்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெண்ணிடம் அதிகாரி, "நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்களைத் தேடுவானேன்?" என்று கேட்டார். அவர் எதுவுமே செய்திருக்கவில்லை. தேடப்பட்டவர் தம்பி. தம்பி அகப்படாததால் வீட்டுக்கு வந்தவர்கள் அக்காவைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் ஒன்றும் செய்யாதவர் என்றால் கோரிக்கை நிற்காது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தானும் கூட்டங்களுக்குப் போனதாகச் சொல்லத் தொடங்கினார். எந்தக் கூட்டம், யார் பேசினார், எப்போது என்று கேள்விகள் தொடர்ந்தன. பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. குறுக்கிட எனக்கு உரிமையில்லை. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன். "அவனுக்கு அக்காவாகப் பிறந்ததற்காகத்தான் பிடித்தார்கள்" என்பதே வலுவான வழக்கு. இப்படிப் பொய் சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர்கள்மீது எனக்குள்ள கோபம் இன்னும் தணியவில்லை.

சட்ட உதவிப் பணியாளர் ஒருவர்:

அந்தப் பெண்ணின் உண்மைக் கதைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பினராக இருத்தல், அரசியல் கருத்து என ஐந்து காரணங்களைச் சொல்கிறது. குடும்பம் நான்காவதன் வழியாக உள்ளே வருகிறது.

நான் அடிக்கடி காட்டும் தீர்ப்பு, 2006இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை (அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்தது) ஓர் ஈரானியப் பெண்ணின் வழக்கில் அளித்தது. கணவர் காவலில் இருந்தார். புரட்சிக் காவல் படையினர் வீடு தேடி வந்து மனைவியைக் கொடுமைப்படுத்தினார்கள். கணவர் பிடிபட்ட காரணம் அந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, அவருடைய மனைவி என்பதாலேயே இவர் குறிவைக்கப்பட்டார் என்றால் போதும் என்றார்கள் நீதிபதிகள். ஆஸ்திரேலியா இதற்கு நேர் எதிர். அங்கே 2001இல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, உறவினருக்கு வந்த ஆபத்தே கடன் தகராறு, கும்பல் பகை போன்றவற்றால் வந்தது என்றால், அவரால் உங்களுக்கு வந்த அச்சம் கணக்கில் சேராது. அமெரிக்காவைக் கேட்காதீர்கள், 2019இல் ஓர் அட்டர்னி ஜெனரல் குடும்பம் என்ற அடிப்படையைச் சுருக்கினார், 2021இல் அடுத்து வந்தவர் அந்தச் சுருக்கத்தை நீக்கினார், 2025இல் அது மீண்டும் கொண்டுவரப்பட்டது.

புகலிடம் பெற்ற ஒருவர்:

முதலில் நான் என் கணவரின் விண்ணப்பத்தில் 'மனைவி' என்று ஒரே வரியில்தான் இருந்தேன். அவருடையது மறுக்கப்பட்டால் என்னுடையதும் கூடவே விழும் என்று வழக்கறிஞர் சொன்னதும் தனியாக விண்ணப்பித்தேன். திருமணச் சான்றிதழும், என் பெயருக்கே வந்த அழைப்பாணையும் கொடுத்தேன். அழைப்பாணையில் "இன்னாரின் மனைவி" என்று எழுதியிருந்தது. அந்த வரியை அதிகாரி இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

நான் எதிர்பார்க்காத கேள்வி அதற்குப் பிறகு வந்தது. "உங்கள் கணவரின் அண்ணன் அங்கேயேதானே இருக்கிறார்? அவருக்கு ஏன் ஒன்றும் நேரவில்லை?" தம்பியோடு எந்த உறவும் இல்லை என்று அண்ணன் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் அதை வாய்விட்டுப் பேசுவதே இல்லை. அன்று பேச வேண்டியதாயிற்று. முடிவுக் கடிதத்தில் அந்தப் பதில்தான் மேற்கோளாக இருந்தது.

சட்ட உதவிப் பணியாளர்:

அந்தக் கேள்வி அநேகமாக எல்லோருக்கும் வரும். சொந்த நாட்டிலேயே தங்கிவிட்ட உறவினர் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், தேடப்பட்டவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தாரா, ஏன் தப்பினார் என்பதை நேர்காணலுக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அவர்களுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் அதையும் விடக் கூடாது. ஐ.நா. அகதிகள் அமைப்பின் கையேடே, அச்சத்துக்கு ஆதாரம் சொந்த அனுபவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, உறவினருக்கும் நண்பருக்கும் நேர்ந்ததும் ஆதாரமாகும் என்கிறது.