இரண்டு மானிட்டர்களின் ஒலியளவையும் ஒன்றாகக் கட்டுப்படுத்துவது எப்படி?

வணக்கம். டெபியன் 12 (லினக்ஸ் இயங்குதளம்), க்னோம் (திரை இடைமுகம்), பைப்வயர் (ஒலியைக் கையாளும் மென்பொருள்) உள்ள மேசைக்கணினியில், ஸ்பீக்கர் உள்ளடங்கிய இரண்டு மானிட்டர்களை (இடப்பக்கம் 24 அங்குலம், எச்டிஎம்ஐ, வலப்பக்கம் 27 அங்குலம், டிஸ்ப்ளேபோர்ட்) ஒரே கிராஃபிக்ஸ் கார்டில் இணைத்து மூன்று வாரங்கள் ஆகின்றன.

வழக்கமான அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரு மானிட்டருக்கு மட்டுமே ஒலி சென்றதால், பாவுகண்ட்ரோல் என்ற ஒலி அமைப்புச் செயலியில், எல்லா வெளியீடுகளையும் தனித்தனியே காட்டும் 'ப்ரோ ஆடியோ' ப்ரோஃபைலுக்கு மாற்றி, இரண்டையும் பல வெளியீடுகளை ஒன்றாக்கும் 'மாட்யூல்-கம்பைன்-சிங்க்' கொண்டு சேர்த்தேன். இப்போது இரண்டிலும் ஒலி வருகிறது. கீபோர்டின் ஒலிப் பொத்தான்களும் வேலை செய்கின்றன. ஆனால் அதே 40 சதவீதத்தில் இடப்பக்கம் முணுமுணுக்க, வலப்பக்கம் அலறுகிறது. தனித்தனியே சரிசெய்து வைத்த அளவுகளும், மானிட்டர்கள் உறக்கத்துக்குப் போய் மீண்டதும் பழையபடி ஆகிவிடுகின்றன.

மானிட்டருக்குள் இருக்கும் ஒலியளவையே மாற்றிவிடலாம் என்று மானிட்டரின் அமைப்புகளைக் கணினியிலிருந்தே மாற்றும் டிடிசியூட்டில் கருவியில், ஒலியளவுக்கான 62 ஆம் குறியீட்டையும் முயன்றேன். வலப்பக்கத்து மானிட்டர் சொன்னபடி கேட்கிறது. இடப்பக்கத்து மானிட்டர் அந்தக் குறியீட்டையே ஏற்பதில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் அதன் பின்புறப் பொத்தானைத் தடவித் தேட வேண்டியிருக்கிறது. கேபிளை மாற்றியும் பார்த்தாயிற்று. தனி ஸ்பீக்கர் வைக்க மேசையில் இடமில்லை.

இரு வெளியீடுகளுக்கும் இடையிலான ஒலி வேறுபாட்டை நிலையாகப் பதிந்துவைத்து, இரண்டும் ஒரே பொத்தானுக்குக் கட்டுப்படும்படி செய்ய, பைப்வயரிலோ அதன் இணைப்புகளை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பரிலோ எந்தக் கோப்பில் என்ன எழுத வேண்டும்?