டிராகன் சண்டை இருட்டா, நம்ம டிவி இருட்டா?

சூரமங்கலம்_ஜங்ஷன்:
'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிராகன் சீரியலோட 8-வது சீசன், 3-வது எபிசோடு. வின்டர்ஃபெல் போர், 82 நிமிஷம். இன்னைக்குப் புதுசா பார்க்கறவங்களும் "ஒண்ணுமே தெரியலைங்க"ன்னுதான் சொல்றாங்க. 2019-லயே ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், ஜனங்களுக்கு டிவியைச் சரியா செட் பண்ணத் தெரியலைன்னுட்டார். திமிர்ப் பேச்சு. மேல உட்கார்ந்திருக்கறது யாருன்னே தெரியாத டிராகன் சண்டை என்ன சண்டை?

பழைய_பிக்சர்_டியூப்:
தொனியை விடுங்க, விஷயம் சரி. அமெரிக்காவுல ஞாயிறு ராத்திரி 9 மணின்னா சேலத்துல திங்கள் காலை 6.30. சித்திரை வெயில் ஜன்னல் வழியா திரையில அடிக்கும். சாதாரண எஸ்டிஆர் (வழக்கமான வெளிச்ச அளவு) படத்துக்கு ஸ்டூடியோவுல கலர் சரி பார்க்கறதே அரையிருட்டு அறையில, 100 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கற அலகு) மானிட்டர்லதான். ஹால்ல டியூப்லைட்டைப் போட்டுட்டு அதே விவரத்தைக் கேட்டா எப்படி?

பிக்சர் மோடை 'விவிட்'ல இருந்து 'சினிமா'வுக்கு மாத்துங்க. எக்கோ மோடு, லைட் சென்சார் ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னாடி இருக்கற விளக்கை ஏத்துங்க. பல டிவியில 'பிரைட்னஸ்'ங்கறது கறுப்பை மட்டும் தூக்கும். இருட்டு சாம்பலாகுமே தவிர விவரம் கூடாது. சோனியில பேரு வேற: அங்க 'பிரைட்னஸ்'தான் விளக்கு, 'பிளாக் லெவல்'தான் கறுப்பு. ஹெச்டிஎம்ஐ கேபிள்ல வர்ற வெளிச்ச ரேஞ்சையும் பாருங்க: 'ஃபுல்'னா 0-255, 'லிமிடெட்'னா 16-235. ஸ்ட்ரீமிங் பெட்டி 'ஃபுல்'லா அனுப்பி டிவி 'லிமிடெட்'டா எடுத்துக்கிட்டா, 16-க்குக் கீழ இருக்கறதெல்லாம் ஒரே கறுப்பா அடைச்சுக்கும்.

கொண்டைஊசி_20:
அண்ணா, இதெல்லாம் பண்ணினாலும் ஏற்காட்டு மேல செல் சிக்னல்ல ஓட்டினா கட்டம் கட்டமாத்தான் தெரியும். 8-பிட் லிமிடெட் வீடியோவுல கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் 220 படி. இந்த மாதிரி சீன் பெரும்பாலும் அடியில இருக்கற கொஞ்சப் படிக்குள்ளயே முடிஞ்சுடும். அதுக்குள்ள பனி, புகை, பறக்கற தூசி. ஒரு ஃப்ரேம் மாதிரி அடுத்தது இருக்காது. பிட்ரேட் (செகண்டுக்கு வர்ற டேட்டா) பத்தலைன்னா என்கோடர் (வீடியோவைச் சுருக்கற மென்பொருள்) முதல்ல கைவைக்கறது இருட்டுல இருக்கற சின்னச் சின்ன வித்தியாசத்துலதான். ஒரு தடவை போனா போனதுதான். நீங்க சொல்ற மாதிரி பேக்லைட்டை ஏத்தினா அந்தக் கட்டம்தான் இன்னும் பளிச்சுனு தெரியும். டேட்டா சேவரை அணைச்சு, உசந்த குவாலிட்டியில டவுன்லோடு பண்ணிப் பார்க்கறது ஒண்ணுதான் வழி. 4கே டிஸ்க் கிடைச்சா அது 10-பிட், அதே லிமிடெட் கணக்குல 877 படி, கதையே வேற.

சூரமங்கலம்_ஜங்ஷன்:
சரிங்க, படம் ஸ்ட்ரீமிங்ல இப்படி அடிவாங்கும்னு எடுக்கறவங்களுக்குத் தெரியாதா? அதே எபிசோடுல டோத்ராக்கி குதிரைப்படை போற ஷாட்டைப் பாருங்க. சூனியக்காரி மெலிசாண்ட்ரே மந்திரத்துல எரியற வாள்கள் தூரத்துல ஒவ்வொண்ணா அணையுது. ஏற்காட்டு லேடீஸ் சீட்ல நின்னு பார்க்கறப்ப கீழே ஏரியா ஏரியாவா கரண்ட் போற மாதிரி. மட்டமான டிவியிலயும் அது புரியும், ஏன்னா தூர ஷாட், கறுப்புல வெளிச்சப் புள்ளி, அவசரமில்லாத எடிட்டிங். வானத்துச் சண்டையில இதுல ஒண்ணாவது இருக்கா? டிராகன்ல ட்ரோகன் கறுப்பு, ரேகல் பச்சை. பனிப்புயலுக்குள்ள ரெண்டும் ஒரே சாம்பல் நீலம். விளிம்புல ஒரு நிலா வெளிச்சம் விட்டிருந்தா உருவமாவது பிரிஞ்சிருக்கும்.

பழைய_பிக்சர்_டியூப்:
புயலைக் கொண்டு வர்றதே பிணப்படைத் தலைவன் நைட் கிங்தானுங்களே. டிராகன்ல போற ஜானும் டெனேரிஸும் மேல வழி தெரியாம தடுமாறணும், நமக்கும் தெரியக்கூடாது. நைட் கிங்கோட டிராகன் விசேரியன் நீல நெருப்பைக் கக்கற இடத்துல மட்டும் பளிச்சுனு தெரியும், அதுதான் கணக்கு.

அஸ்தம்பட்டி_ஆந்தை:
அப்ப இதோட முன்கதை சீரியல் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' முதல் சீசன் 7-வது எபிசோடுக்கு என்ன சொல்வீங்க? 2022 அக்டோபர். இயக்குநரும் வின்டர்ஃபெல் போரை எடுத்த அதே மிகுவேல் சபோச்னிக். அதுல புயல் கிடையாது, கடற்கரை. பகல்ல எடுத்து, எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்சத்தை) இறக்கி, நீலம் பூசி ராத்திரி ஆக்கினாங்க. வெயில்ல வானமும் முகமும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்துல இருக்கும். ரெண்டையும் சேர்த்து இறக்கினா முகம் வானத்தோட கரைஞ்சுடும். ரெய்னீராவும் டேமனும் பேசறப்ப கண்ணுல மினுக்கம்கூட இல்லை. இதை எந்த ரிமோட்டை வெச்சுங்க சரி பண்றது? ஜனங்க கத்தினப்ப ஹெச்பிஓ மேக்ஸ், தெரிஞ்சே எடுத்த கலை முடிவுன்னு பதில் போட்டாங்க. டிவி மேல பழியே போடலை.

பழைய_பிக்சர்_டியூப்:
7-வது எபிசோடுக்கு வக்காலத்து வாங்கலைங்க. ஆனா அதைக் கூடுதலா கெடுக்கறது ஹெச்டிஆர்னு (வெளிச்சம், இருட்டு ரெண்டையும் கூடுதல் அளவுல காட்டற முறை) பேர் மட்டும் இருக்கற டிவி. 300 நிட்ஸ் தாண்டாத பேனல், மேல் வெளிச்சத்துக்கு இடம் விட மொத்தப் படத்தையும் அமுக்கிடும். ஹெச்டிஆரை அணைச்சுட்டு எஸ்டிஆர்ல போட்டுப் பாருங்க.

அஸ்தம்பட்டி_ஆந்தை:
முகம் கொஞ்சம் மேல வரும், வானத்தை விட்டுப் பிரியாது. சந்தேகம் இருந்தா ஏமாண்ட், வேகார்ங்கற டிராகன் மேல ஏறற இடத்துல பாஸ் பண்ணி, லைட்டை அணைச்சுட்டுப் பாருங்க. அது உடம்புல தொங்கற கயிறு தனித்தனியா தெரிஞ்சா உங்க டிவியில குறையில்லை. தாராளமா டைரக்டரைத் திட்டலாம்.

கொண்டைஊசி_20:
கயிறு தெரியாம கட்டம் தெரிஞ்சா, முதல்ல நெட்டைத் திட்டுங்க.