டென்னிஸ் கோர்ட் டென்னிஸுக்கே இருக்கணும்னா: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

பேஸ்லைன்:
கோர்ட்டுக்குள் கிரிக்கெட்டோ சைக்கிளோ ஓடிக்கொண்டிருந்தால் "வெளியே போங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். நேரத்தைக் கேளுங்கள். "தம்பி, எத்தனை மணிக்கு முடிப்பீங்க? ஆறு மணிக்கு நாங்க ஆடணும்" என்றால் பெரும்பாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். "இது உங்க இடமில்ல" என்றால் அரை மணி நேரம் வாய்ச்சண்டைதான். பேசும்போது கையில் ராக்கெட் இருக்கட்டும், அறிவிப்புப் பலகை பக்கத்தில் நில்லுங்கள். பலகை இல்லாத கோர்ட்டில் உங்கள் பேச்சுக்கு எடை கிடையாது. முதலில் கேட்டு வாங்க வேண்டியது அந்தப் பலகையைத்தான்.

நெட்போஸ்ட்:
மற்ற ஆட்டங்களில் முதலில் அடிபடுவது நெட். ஒருவர் அதன்மேல் உட்கார்ந்தால் உள்ளே ஓடும் ஸ்டீல் கேபிள் இழுபட்டுத் தொய்ந்துவிடும், மேலே இருக்கும் வெள்ளைப் பட்டையின் தையல் பிரியும். தொய்வைப் பார்த்து அடுத்து வருபவர், போஸ்ட்டில் (நெட்டைத் தாங்கும் கம்பத்தில்) கேபிளை இறுக்க இருக்கும் கைப்பிடியைச் சுற்றி முறுக்குவார். அளவுக்கு மீறினால் இரண்டு போஸ்ட்டும் உள்பக்கம் சாயும், இல்லையென்றால் கேபிள் அறுந்து தெறிக்கும். அது முகத்தில் பட்டால் விபரீதம். இறுக்கி முடித்ததும் கைப்பிடியைக் கழற்றிப் பூட்டி வைப்பதே சரி.

உயரம் நடுவில் 3 அடி, போஸ்ட்டில் 3½ அடி. அளவுநாடா இல்லையா? ஒரு ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்தினால் 27 அங்குலம். அதன்மேல் இன்னொரு ராக்கெட்டின் தலையைக் குறுக்காக வைத்தால் ஏறக்குறைய 36 அங்குலம் வந்துவிடும். ஆடத் தொடங்கும் முன் தினமும் பாருங்கள்.

ஹார்ட்கோர்ட்:
நெட்டை ஒரு நாளில் மாற்றிவிடலாம், தரையை முடியாது. தார் அல்லது கான்கிரீட் மேல் பூசியிருக்கும் அக்ரிலிக் பூச்சு சில மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. தார்த்தளம் வெயிலில் இளகும். அந்த நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டைப் போட்டால் குழி விழும். ஸ்கேட்போர்டின் இரும்பு அச்சு உரசினால் பூச்சு உரியும். நாற்காலிக் கால், கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பாக வைக்கும் செங்கல், கிரீஸில் தட்டும் மட்டை எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். உரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, சுற்றியிருக்கும் பூச்சையும் உப்பித் தூக்கிவிடும். விரல் நகம் அளவு கீறல்தானே என்று விட்டால் பந்து எகிறும் விதமே மாறிப்போகும். கோபப்படாமல் இந்தக் காரணத்தைச் சொன்னால் பெற்றோர் கேட்டுக்கொள்கிறார்கள். தரையைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

இரட்டையர்:
பிக்கிள்பால் (சின்ன மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் வைத்து ஆடுவது) பற்றி யாராவது பேசித்தானே ஆகணும். அவர்கள் கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். 120-க்கு 60 அடி டென்னிஸ் வளாகத்தில் நான்கு போடலாம். "நாலு பேர் ஆடுற இடத்துல பதினாறு பேர் ஆடுறோம்" என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காக டென்னிஸ் கோர்ட்டை எடுத்துக்கொள்வது தீர்வாகாது, தனி இடம் கேட்பதுதான் தீர்வு. அதற்கு நாமும் சேர்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டால் பகை வளராது.

அதுவரை கவனிக்க வேண்டியது இரண்டு. அவர்களுக்கு நெட்டின் நடுவில் 34 அங்குல உயரம் போதும் என்பதால், நெட்டை நடுவில் தரையோடு இழுத்துப் பிடிக்கும் பட்டையை இழுத்து இறக்கிவிட்டு, ஏற்றாமல் போய்விடுவார்கள். இன்னொன்று, கோடு போட ஒட்டும் டேப். வெயிலில் பசை காய்ந்து, உரிக்கும்போது பெயின்ட்டோடு வரும். சாக்பீஸ் போதும், தண்ணீரில் போய்விடும்.

பேஸ்லைன்:
நான் முதலில் சொன்ன அறிவிப்புப் பலகையில் என்ன எழுதுவது என்றால்: "டென்னிஸ் மட்டும். டென்னிஸ் ஷூ அவசியம். சைக்கிள், ஸ்கேட், நாய், கண்ணாடி பாட்டில் கூடாது. பிறர் காத்திருந்தால் ஒற்றையர் 60 நிமிடம், இரட்டையர் 90 நிமிடம்." நேர வரம்பை விட்டுவிடாதீர்கள். டென்னிஸ்காரர்களே மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டால் மற்றவர்களிடம் விதி பேசும் தகுதி நமக்கு இல்லை.

ஏஸ்:
பலகை பற்றி ஒரு எச்சரிக்கை. சைக்கிள், ஸ்கேட் என்று பிரித்து எழுதாமல் "சக்கரம் கூடாது" என்று மொட்டையாக எழுதாதீர்கள், சக்கர நாற்காலி டென்னிஸ் ஆடுபவர்களைத் தடுத்ததாகிவிடும். சைக்கிள் நுழையாமலிருக்க வாசலைக் குறுக்குவதும் அதே தப்பு. ஆட்ட நாற்காலியின் சக்கரங்கள் கீழே அகன்று சாய்ந்திருக்கும், சாதாரண நாற்காலியைவிட அகலம் கூடுதல். அகலமான கதவுக்குத் தானாக மூடும் ஸ்பிரிங்கும் பூட்டும் போடச் சொல்லுங்கள்.