46 கேரியர், 2 வண்டி: எந்த மேப்?

கேரியர் அக்கா (ஜோகுபாளையா):
பெங்களூர்த் தமிழ் மக்களே, ஒரு யோசனை சொல்லுங்க. வீட்டுச் சமையல், மதியம் 46 கேரியர் போகுது. ஜோகுபாளையா, மர்ஃபி டவுன், கேம்பிரிட்ஜ் லேஅவுட், கொஞ்சம் இந்திராநகர். ரெண்டு பையன்க, ரெண்டு வண்டி. போன வாரம் புதுப் பையனை மேப் ஒரு அபார்ட்மென்டோட பின்பக்க மதில்ல கொண்டுபோய் நிறுத்திடுச்சு. கேட்டு அந்தப் பக்கம். சுத்தி வர்றதுக்குள்ள ரசம் பாதி பையில. எந்த ஆப்னு சொல்லமாட்டேன், சொன்னா சண்டை அங்கேயே நின்னுடும். எனக்கு ரெண்டு வேணும். பையன் வழி தப்பக் கூடாது. எந்தப் பக்கம் எத்தனை கேரியர் போகுதுன்னு ஒரே படத்துல தெரியணும்.

சில்க்போர்டு சிங்கம்:
அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு? கூகுள் மேப்ஸ். டூவீலருக்குன்னு தனி மோடை 2017லயே முதல்ல இந்தியாவுலதான் விட்டாங்க. டிராஃபிக் அப்பப்போ தெரியும். பெங்களூர்ல டிராஃபிக் காட்டாத மேப் உப்பில்லாத சாம்பார். படத்துக்கும் அவங்ககிட்டயே மை மேப்ஸ் இருக்கு, எக்ஸெல் ஷீட்டை ஏத்தினா புள்ளி புள்ளியா விழும். முடிஞ்சுது.

வரைபடப் பித்தன்:
முடியவில்லை சிங்கம். மதிலுக்கு டிராஃபிக் மருந்தாகாது. புள்ளி கட்டடத்தின் நடுவில் இருந்தால், அதற்குக் கிட்டத்தில் எந்தச் சாலை ஓடுகிறதோ அங்கேதான் வண்டியைக் கொண்டுபோய் விடுவார்கள். வாசல் எது என்று யாராவது குறித்திருக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதை நாமே குறிக்கலாம்: கேட்டு, ஒன்வே, வண்டி நுழையாத சந்து எல்லாம். 2004இல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது, உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வரைந்தது. கைபேசியில் அதை வைத்து வழி காட்டும் ஆஸ்மாண்ட் அல்லது ஆர்கானிக் மேப்ஸ் ஆப்பைப் போட்டு வரைபடத்தை ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும்.

சில்க்போர்டு சிங்கம்:
அக்கா சோறு போடவா, ரோடு போடவா? நெட் இல்லாம கூகுளும்தான் ஓடும்.

வரைபடப் பித்தன்:
ஓடும். நடந்து போகிற வழியும் பஸ் வழியும் அப்போது வராது, நீங்கள் உப்பு என்று சொன்ன டிராஃபிக்கும் வராது. இன்னொன்று. கூகுள் மேப் மேக்கரில் நம்மூர்க்காரர்கள் வருடக்கணக்கில் தெருத்தெருவாக வரைந்தார்கள். 2017இல் அதை மூடிவிட்டார்கள். வரைந்தவர் கையில் என்ன மிஞ்சியது?

சில்க்போர்டு சிங்கம்:
அந்தத் தெரு மேப்ல இருக்குல்ல? நான் தினம் அதுலதான் ஆபீஸ் போறேன். எனக்கு அது போதும்.

முன்னாள் தபால்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த ஊரில் மெயின், கிராஸ், ஸ்டேஜ், பிளாக் நாலையும் சொன்னால்தான் விலாசம். 80 அடி ரோடு இந்திராநகரிலும் உண்டு, கோரமங்கலாவிலும் உண்டு. எங்கள் துறை 2025இல் டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு 10 எழுத்துக் குறியீடு. ஆனால் கேட்டு வாசலில் நின்று எடுக்க வேண்டும். ஹாலில் உட்கார்ந்து எடுத்தால் பழையபடி மதில்தான்.

கேரியர் அக்கா:
ஐயா, நல்லாத்தான் இருக்கு. ஆனா 10 எழுத்து அனுப்புங்கன்னு கேட்டா பாதிப் பேர் கேரியரையே நிறுத்திடுவாங்க. பையனே ஒவ்வொரு கேட்டுலயும் நின்னு லொகேஷனை எனக்கு வாட்ஸ்அப் பண்ணட்டும். நான் ஷீட்ல ஏத்திக்கறேன்.

சில்க்போர்டு சிங்கம்:
அதுக்கப்புறம் அதை எதுல திறந்து ஓட்டுவான்? சொல்லுங்க பித்தன், வாய்விட்டுச் சொல்லுங்க.

வரைபடப் பித்தன்:
கூகுளில்தான். டிராஃபிக்குக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் விடமாட்டேன். மை மேப்ஸ் புள்ளி வைக்கும். 10 அடுக்கு வரை, ஒரு ஷீட்டில் 2,000 வரிசை வரை. 46 பேருக்கு அது தாராளம். அக்கா கேட்டது ‘எந்தப் பக்கம் எத்தனை’ என்பது. எண்ணித் தருவதற்கு க்யூஜிஐஎஸ் என்ற கணினி வரைபட மென்பொருள் இருக்கிறது. இலவசம், திறமூலம், 2002இல் தொடங்கியது. வார்டு எல்லைக் கோப்பை மேலே போட்டால் வார்டுக்கு எத்தனை புள்ளி என்று அதுவே எண்ணும்.

சில்க்போர்டு சிங்கம்:
46 புள்ளியை எண்ண க்யூஜிஐஎஸ்ஸா? நாலு தோசைக்கு ரைஸ் மில் வாங்கச் சொல்றீங்க. அதுவும் எந்த வார்டு? 198 வார்டுன்னு வரைஞ்ச காலம் போய், மாநகராட்சியே 2025ல அஞ்சாப் பிரிஞ்சாச்சு. வார்டு பார்த்தா பசிக்குது?

மர்ஃபி டவுன் மீனா:
நான் அக்காகிட்ட கேரியர் வாங்கறவ. எந்த மேப்பா இருந்தாலும் பேரு, ஃப்ளாட் நம்பர் போட்டு, லிங்க் இருக்கிறவங்க எல்லாரும் பார்க்கிற மாதிரி விட்டுடாதீங்க. தனியா இருக்கேன், மதியம் ஒரு ஆள் சாப்பாடு எடுக்கறேன்னு ஊருக்கே தெரிய வேணாம்.

வரைபடப் பித்தன்:
மிகச் சரி மீனா. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கேட்டைக் குறிக்கலாம், உள்ளே யார் இருக்கிறார் என்று எழுதவே கூடாது. கூகுளைப் பார்த்து அப்படியே வரைவதும் கூடாது, உரிமச் சிக்கல். க்யூஜிஐஎஸ்ஸில் கோப்பு அக்காவின் லேப்டாப்பை விட்டு வெளியே போகாது.

சில்க்போர்டு சிங்கம்:
மை மேப்ஸும் நாமளா ஷேர் பண்ணாத வரைக்கும் நமக்கு மட்டும்தான் தெரியும். சும்மா பயமுறுத்தாதீங்க.

கேரியர் அக்கா:
ரெண்டு நாள் ஆச்சு. அண்ணன் பையன் லேப்டாப்ல க்யூஜிஐஎஸ் போட்டுக் கொடுத்தான். ஷீட்டை ஏத்தினேன். 46 கேரியரும் வட துருவத்துக்கிட்ட கடல்ல மிதக்குது!

வரைபடப் பித்தன்:
எக்ஸ், ஒய் மாறிவிட்டது அக்கா. உங்கள் ஷீட்டில் 12.97, 77.6 என்று அட்சரேகை முதலில் இருக்கும். க்யூஜிஐஎஸ் கேட்கிற எக்ஸ், தீர்க்கரேகை. மாற்றிக் கொடுத்தால் 77 டிகிரி வடக்கு, ஸ்வால்பார்ட் தீவுப் பக்கம்.

சில்க்போர்டு சிங்கம்:
பனிக்கரடிக்கு ரசம் சாதம். நல்லா இருங்க பித்தன்.

கேரியர் அக்கா:
சரியா விழுந்துடுச்சு. இதுவரைக்கும் லிஸ்ட்டைப் பாதியா வெட்டி ஆளுக்கு 23 கொடுத்துட்டு இருந்தேன். படத்துல பார்த்தா ரெண்டு பேரும் பழைய மெட்ராஸ் ரோட்டை ஒரே மதியத்துல மூணு மூணு தடவை தாண்டறாங்க, நான் கொடுத்த லிஸ்ட் அப்படி. நாளையிலிருந்து ரோட்டுக்கு வடக்கே ஒருத்தன், தெற்கே ஒருத்தன். வடக்கே 17, தெற்கே 29. தெற்குப் பையனுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கணும், அது தனிச் சண்டை.

சில்க்போர்டு சிங்கம்:
இதை மை மேப்ஸ்லயும் பார்த்திருக்கலாம்.

வரைபடப் பித்தன்:
46 கேரியருக்குப் பார்த்திருக்கலாம். 400 ஆகும்போது வாருங்கள், பேசுவோம்.

கேரியர் அக்கா:
400 கேரியருக்கு யாருப்பா பாத்திரம் தேய்க்கறது? மீனா, உங்க கேட்டு மட்டும் லிஸ்ட்ல இல்ல. எந்தப் பக்கம் திறந்திருக்கும்?

மர்ஃபி டவுன் மீனா:
இங்க கேட்காதீங்கக்கா. வாட்ஸ்அப்ல சொல்றேன்.