மறு: சைக்கோஅனாலிசிஸ் - தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

நண்பர்களே, வணக்கம்.

கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கான உளவியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சைக்கோஅனாலிசிஸைத் தொடங்கிய வியன்னா மருத்துவர் ஃபிராய்டு பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சைக்கோஅனாலிசிஸ் என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வருகிறது. ஒரு வரியில் சிகிச்சை, அடுத்த வரியில் கொள்கை, அதற்கும் கீழே ஒரு மாணவி தோழியிடம் ‘என்னை சைக்கோஅனலைஸ் பண்ணாதே’ என்கிறாள். தமிழில் மனப்பகுப்பாய்வு, உளப்பகுப்பாய்வு, மனோபகுப்பாய்வு என்று ஆளுக்கொன்றாக எழுதியிருக்கிறார்கள். ஒன்றைச் சொல்லுங்கள், நூல் முழுக்க அதையே வைத்துவிடுகிறேன்.

---

அன்புடையீர்,

மனம் வடசொல் என்று ஒதுக்க வேண்டாம். முன்னுதல் என்றால் கருதுதல். தொல்காப்பியச் செய்யுளியலில் முன்னம் ஓர் உறுப்பு. முன் என்பதே மன் ஆகி மனம் ஆனது என்பது என் துணிபு. அது கிடக்கட்டும், என்னை உறுத்துவது பகுப்பாய்வு என்ற ஒட்டுச்சொல்தான். அதே தொல்காப்பியத்தின் உரியியலைப் பாருங்கள்: ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.’ ஆய்தல் என்றாலே உள்ளதை நுணுக்குவது, பிறகு பகுப்பு எதற்கு? வள்ளுவர் நோய்நாடி நோய்முதல் நாடி என்றார். உளநாடல் என்று வையுங்கள். செய்பவர் உளநாடுநர். ஐந்தெழுத்துச் சொல் கையில் இருக்க ரயில்பெட்டி போல ஏன் கோக்க வேண்டும்?

---

ஐயா, உரியியல் நூற்பா அருமை. ஆனால் அந்த நுணுக்கம் தேய்ந்து மெலிவதைச் சொல்வது. ஓய்தலும் சாய்தலும் பக்கத்தில் நிற்பதைப் பாருங்கள். அதிலிருந்து இன்றைய ஆய்வுக்குப் பாலம் போடலாம், ஆனால் பகுப்பைத் தள்ள அது போதாது.

இந்தச் சொல்லில் பகுப்பு ஒட்டுவால் இல்லை, அதுதான் தலை. ஃபிராய்டு இந்தப் பெயரை முதலில் அச்சில் வைத்தது 1896-இல், ஒரு பிரெஞ்சுக் கட்டுரையில். ஏன் அனாலிசிஸ் என்று பெயர் என்பதை 1918-இல் புடாபெஸ்டில் பேசியபோது அவரே விளக்கினார். வேதியியலார் ஒரு பொருளைத் தனிமங்களாகப் பிரிப்பது போல, நோயாளியின் அறிகுறிகளும் கூட்டுப்பொருள்கள்தாம், அவற்றை அவர் அறியாத உந்துதல்களாகப் பிரித்துக் காட்டுகிறோம் என்றார். ‘பிரித்தால் போதுமா, சேர்க்க வேண்டாமா’ என்று கேட்டவர்களுக்கும் அங்கேயே பதில் வைத்தார்: மனம் தானாகவே சேர்த்துக்கொள்ளும், அதற்குத் தனியாக ஒரு தொகுப்பு வேலை வேண்டாம். இந்த வாதமெல்லாம் பாடத்தில் வந்தால் உளநாடலை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது? பகு இருந்தால் தொகு என்று எதிர்ச்சொல் தானாக வந்து நிற்கும். பகுப்பாய்வு வேதியியல் என்று மாணவர் ஏற்கெனவே படித்திருக்கிறார், அதே சொல் இங்கே வந்தால் ஃபிராய்டு சொன்ன உவமையும் சேர்ந்தே புரியும்.

அப்புறம் நாடுதலில் இன்னொரு சிக்கல். ‘மருத்துவரை நாடுங்கள்’ என்றுதான் இன்று எல்லாரும் எழுதுகிறோம். உளநாடுநர் என்றால் சிகிச்சை கொடுப்பவரா, தேடி வருபவரா? இந்தத் துறையில் அந்த இரண்டு பேரும்தான் முக்கியம். ஒருவர் சாய்விருக்கையில் படுத்து, வெட்கப்படுவதையும் அற்பமானதையும் விலக்காமல், மனதில் வந்ததை வந்தபடி சொல்கிறார். மற்றவர் தலைமாட்டுப் பக்கம், கண்ணில் படாமல் உட்கார்ந்து கேட்கிறார். இந்த இருவரையும் குழப்பும் சொல் பாடநூலுக்கு ஆகாது.

இனி சொல்லின் பொருள்கள் பற்றி. 1923-இல் வந்த கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஃபிராய்டே மூன்று பொருளைப் பிரித்து வைத்துவிட்டார்: வேறு வழியில் எட்டமுடியாத மன நிகழ்வுகளை ஆராயும் முறை, அதன்மேல் எழுந்த சிகிச்சை, இரண்டாலும் சேர்ந்த அறிவு மெல்ல ஒரு துறையாக வளர்வது. எனவே இந்த மூன்றுக்கும் ஒரே சொல் போதும். இடத்துக்கேற்ப முறை, சிகிச்சை, கோட்பாடு என்று பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவம் என்று மட்டும் சேர்க்காதீர்கள். மருத்துவப் பட்டம் இல்லாத தியோடர் ரெய்க் மீது வியன்னாவில் போலி மருத்துவம் என்று புகார் வந்தபோது, இதைச் செய்ய டாக்டராக இருக்க வேண்டியதில்லை என்று 1926-இல் ஃபிராய்டு ஒரு நூலே எழுதினார். நம் பத்திரிகைகளிலோ எல்லாரும் மனோதத்துவ டாக்டர்தான், மாணவர்களாவது பிரித்துப் பார்க்கட்டும்.

அந்த மாணவியின் உரையாடலுக்குக் கலைச்சொல்லே வேண்டாம். அன்றாட ஆங்கிலத்தில் அந்த வினை, பேச்சை வைத்து ஆளின் உள்நோக்கத்தைக் கிளறுவதைத்தான் சொல்கிறது. ‘என் மனசைத் துருவாதே’ என்று எழுதுங்கள்.

என் வாக்கு உளப்பகுப்பாய்வுக்கு. செய்பவர் உளப்பகுப்பாய்வாளர். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

---

ஒரு சந்தேகம். ஃபிராய்டு ஜெர்மனில் மனதைக் குறிக்க அடிக்கடி எழுதிய சொல் ஸேலெ. அதற்கு ஆன்மா என்றும் பொருள் உண்டு. ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சியின் ஆங்கிலப் பதிப்பில் அது மனம் ஆகிவிட்டது. ‘நான்’, ‘அது’ என்று அவர் எழுதிய எளிய சொற்களும் ஈகோ, இட் என்று லத்தீன் ஆகிவிட்டன. உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் இதை எதிர்த்து நிறைய எழுதியிருக்கிறார். நாம் ஏன் ஆங்கிலத்தின் பின்னால் போக வேண்டும்? உயிர்ப்பகுப்பு என்று வைக்கலாமே.

---

உயிர்ப்பகுப்பு என்றால் பையன்கள் தவளையை அறுக்கப் போவார்கள் அண்ணா! ஈகோவுக்கு ‘தன்முனைப்பு’ என்று போடுவது தவறு என்பதில் மட்டும் உங்கள் பக்கம்தான். அது திமிர் என்றாகிவிடுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

இலங்கையில் நாங்கள் உளவியல், உளவளத்துணை (கவுன்சிலிங்) என்றுதான் புழங்குகிறோம். எனவே உளப்பகுப்பாய்வு எங்களுக்கும் இயல்பாகப் பொருந்தும். மனம் என்று தொடங்கினால் மற்றச் சொற்களோடு ஒட்டாது.

---

இந்திய மொழிகளில் என்ன செய்தார்கள் என்று பார்த்தீர்களா? வங்காள மனநல மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922-இலேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கினார், ஃபிராய்டுடன் கடிதப் போக்குவரத்தும் உண்டு. வங்காளத்தில் மனஃசமீக்ஷண் என்கிறார்கள். சமீக்ஷை என்றால் கூர்ந்து நோக்குவது. இந்தியில் மனோவிஷ்லேஷண், அது பிரிப்பது. ஐயாவின் நாடல் வங்காளத்துப் பக்கம், பகுப்புக்கு வாதாடியவர் இந்திப் பக்கம். அகராதியில் இரண்டுக்கும் இடம் கொடுக்கலாமே.

---

எல்லாருக்கும் நன்றி. உளப்பகுப்பாய்வு என்றே போடுகிறேன். உரையாடலில் ‘துருவாதே’. நூல் முடிவில் உள்ள சொற்பட்டியலில் உளநாடலையும் மாற்றுச்சொல்லாகச் சேர்க்கிறேன். அன்கான்ஷியஸ் என்பதற்கு நனவிலி, ஆழ்மனம் இரண்டில் எது என்று நாளை கேட்பேன்.

---

மாற்றுச்சொல்லாக அன்று, முதற்சொல்லாகச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. பகுப்பைத் தலை என்றவர் ‘நோய்முதல் நாடி’ என்பதற்கு இன்னும் விடை சொல்லவில்லை. முதலை நாடுவதுதானே ஃபிராய்டு செய்த வேலை? ஆழ்மனம் வேண்டாம். நனவிலி பற்றி விரிவாக எழுதுகிறேன்.