எந்த வண்டின்னு சொல்லாத எரர்

வெண்ணாற்றங்கரை:
மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி ஆலை. குறுவை அறுப்பு, வாசல்ல நெல் லாரி வரிசை, மேற்கே மேகம் கட்டியிருக்கு. எல்லா வண்டிக்கும் ஒரே ஓட்டமா பில், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல நான் எழுதின ஃபங்ஷன்தான் போடும். 'ஈரப்பதம் வரம்பு மீறியது'ன்னு நின்னுடுச்சு. நானே எழுதின ரெய்ஸ் எக்செப்ஷன்தான் (எரரை எழுப்புற கட்டளை), அதே வாசகம் மூணு ஃபங்ஷன்ல. மேல் ஃபங்ஷன்ல வென் அதர்ஸ்ல (கிட்டத்தட்ட எல்லா எரரையும் பிடிக்கிற பகுதி) பிடிச்சு, எஸ்க்யூஎல்எர்ரெம்மை, அதாவது எரர் வாசகத்தை மட்டும் எடுத்துப் புதுசா ரெய்ஸ் பண்ணியிருந்தேன். எரர் வந்த இடத்தைச் சொல்ற கான்டெக்ஸ்ட்ல மேல் ஃபங்ஷனோட வரி எண்தான் வந்துச்சு, உள்ள எங்க வெடிச்சதுன்னு இல்ல. கணக்குப்பிள்ளை ஸ்கிரீனைப் பார்த்துட்டு, "எந்த வண்டி தம்பி?"ன்னார். வாய் வரல. அப்பத்தான் முதல் தூறல். தார்ப்பாயை இழுத்து இழுத்து மூடின விவசாயி என்னையே பார்த்துட்டு நின்னார்.

குடந்தைவாசி:
எனக்கு இதே மாதிரி ஆரக்கிள் டேட்டாபேஸ்ல. நகைக்கடன் வட்டி, ராத்திரி ஓட்டம். எக்செப்ஷனுக்கு அழகா பேர் வச்சிருந்தோம். லாக்ல எஸ்க்யூஎல்எர்ரெம் எழுதினது 'யூசர்-டிஃபைன்ட் எக்செப்ஷன்', கோடு 1. வச்ச பேரே வரல! விடியற வரைக்கும் அந்த ஒரு வரியையே பார்த்துட்டிருந்தேன்.

நாகை கடலோரம்:
வெண்ணாற்றங்கரை, வென் அதர்ஸை ஏன் திட்டுறீங்க? பிடிச்ச இடத்துல வெறும் ரெய்ஸ் மட்டும் போட்டிருந்தா மூல எரர் கோடு, கான்டெக்ஸ்ட் எல்லாத்தோடவும் அப்படியே மேல போயிருக்கும். போஸ்ட்கிரஸ்ல கெட் ஸ்டேக்ட் டயக்னாஸ்டிக்ஸ் (பிடிச்ச எரரோட விவரத்தை எடுக்குற கட்டளை) 9.2 பதிப்புலேர்ந்தே இருக்கு, பிஜி_எக்செப்ஷன்_கான்டெக்ஸ்ட்டை அதுல எடுக்கலாம். மூணு இடத்துக்கும் தனித்தனி எர்கோட் (எரர் கோடு) குடுங்க, இல்லன்னா எல்லாமே பி0001ங்கிற பொதுக் கோடுலதான் வரும். வண்டி எண்ணை ரெய்ஸோட டீடெய்ல் பகுதில போடுங்க. எக்செப்ஷன் உள்ள பிளாக் ஒவ்வொண்ணும் ஒரு சப்-டிரான்சாக்ஷன் (டிரான்சாக்ஷனுக்குள்ள ஒரு குட்டி டிரான்சாக்ஷன்), அதுக்குச் செலவு உண்டு, பெரிய லூப்புக்குள்ள யோசிச்சுப் போடுங்க. என் கதை இவ்ளோதான்: எல்லாத்தையும் லாக் டேபிள்ல எழுதிட்டு மறுபடி ரெய்ஸ் பண்ணினேன். எரரால செஞ்சதெல்லாம் ரத்தாகுற ரோல்பேக்ல அந்த வரியும் போயிடுச்சு. டேபிள் காலி.

குடந்தைவாசி:
அவர் திட்டவே இல்லையே, நடந்ததைத்தான் சொன்னார். ஆரக்கிள்ல அட்டானமஸ் டிரான்சாக்ஷன் போட்டா லாக் தனியா கமிட் ஆகும், நீங்க சொன்ன காலி டேபிள் வராது. எரர் வெடிச்ச வரி எண்ணுக்கு ஃபார்மேட்_எரர்_பேக்டிரேஸ் ஃபங்ஷன் இருக்கு.

வெண்ணாற்றங்கரை:
வெறும் ரெய்ஸ் விஷயம் சரிதான், இப்ப அப்படித்தான் வச்சிருக்கேன். அன்னிக்கு ஒவ்வொரு வண்டி எண்ணா தட்டித்தான் கண்டுபிடிச்சேன். ஈரமே இல்ல அந்த நெல்லுல. ஈரப்பதம் 16-ஐ 61னு அடிச்சிருந்தாங்க. அது அந்த தார்ப்பாய் வண்டி.