கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் மோவாய்கள்: நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

மோவாய் எனப்படும் அந்தப் பெரிய கற்சிலைகள் கடலைப் பார்த்து நிற்கின்றன என்றுதான் நான் பல ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். அங்குள்ளவர்கள் ராப்பா நூயி என்று அழைக்கும் ஈஸ்டர் தீவுக்குச் சிலி நாட்டின் சான்டியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்திற்கும் மேல் பறந்து சென்று, மறுநாள் விடியற்காலையில் தொங்காரிக்கி மேடையின் முன் நின்றபோதுதான் அந்த எண்ணம் தவறு என்று தெரிந்தது. பதினைந்து மோவாய்களும் பசிபிக் கடலுக்கு முதுகைக் காட்டி, நிலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து வெளிச்சம் எழுந்ததால் நெடுநேரம் முகங்கள் தெரியவில்லை, நிழலுருவங்களே தெரிந்தன. (தமிழில் மோவாய் என்றால் முகவாய்க்கட்டை. இது தற்செயலான ஒற்றுமைதான் என்றாலும், அந்த நீண்ட முகவாய்களைப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதில் நம்பமாட்டார்கள்.)

எங்கள் வழிகாட்டி அந்தத் தீவைச் சேர்ந்த பெண்மணி. படம் எடுப்பதற்காக எங்கள் குழுவில் ஒருவர் மேடைக் கல்லின்மேல் கால் வைக்கப் போனபோது, அவர் குரலை உயர்த்தாமல், "ஐயா, இறங்குங்கள், அது எங்கள் பாட்டனாரின் கல்லறை" என்றார். ஆஹு எனப்படும் அந்த மேடைகளில் இறந்தோரை அடக்கம் செய்தார்கள் என்பதும், ஒவ்வொரு சிலையும் மறைந்த முன்னோர் ஒருவரின் உருவம் என்பதும் நான் படித்துத் தெரிந்துகொண்டவைதாம். ஆனால் அவை தம் மக்கள் வாழ்ந்த ஊரைக் காத்து நின்றன என்பதை அந்த ஒற்றை வாக்கியத்திற்குப் பிறகே உணர்ந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் கண்ட அந்த வரிசை, பண்டைக்காலம் முதல் அப்படியே நின்றிருந்த வரிசை அன்று. முன்பே கவிழ்ந்து கிடந்த அச்சிலைகளை, 1960 மே மாதத்தில் சிலியின் பெரும் நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி தூக்கி நிலத்தின் உட்பகுதிவரை எறிந்தது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று வழங்கிய கிரேனின் துணையோடு 1990களில்தான் அவற்றை மீண்டும் நிறுத்தினார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

அந்த ஏமாற்றம் பிற்பகலில் ரானோ ராராக்கு எரிமலைச் சரிவில் நீங்கியது. தீவின் பெரும்பாலான சிலைகளைச் செதுக்கியெடுத்த அந்தக் கல்லிடத்தில் இன்னும் ஏறத்தாழ 400 சிலைகள் இருக்கின்றன. வெறும் தலைகள் என்று படங்களில் நாம் காண்பவை, சரிவிலிருந்து வழிந்த மண்ணில் மார்புவரையோ கழுத்துவரையோ புதைந்த முழுச் சிலைகளே. ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள ஒரு சிலை, பாறையிலிருந்து பிரிக்கப்படாமல் மல்லாந்த நிலையிலேயே கிடக்கிறது. டோக்கி எனப்படும் கல் உளியைக் கீழே வைத்துவிட்டுச் செதுக்கியவர்கள் உணவுக்காகச் சென்றிருக்கிறார்கள் என்று சொன்னால் நம்பிவிடலாம்.

* * *

மேலே எழுதியவரைப் போல நான் அந்தத் தீவுக்குச் சென்றதில்லை. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஹோவா ஹாக்கானானாயியா என்ற மோவாயை மட்டும் பார்த்திருக்கிறேன். பசால்ட் கல்லாலான அதன் உயரம் ஏறத்தாழ 2.4 மீட்டர். 1868இல் டோபாஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகள் ஓரோங்கோ சடங்கு ஊரிலிருந்து அதை எடுத்து வந்தார்கள். பார்வையாளர்கள் முன்பக்கத்தோடு நகர்ந்துவிடுகிறார்கள். நானோ முதுகில் பிற்காலத்தில் செதுக்கப்பட்ட பறவைமனித உருவங்களையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2018இல் ராப்பா நூயிக் குழுவினர் இதைத் திருப்பித் தரும்படி கேட்க அங்கு வந்தபோது அவர்களுடைய ஆளுநர் கண்ணீர் விட்டார் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. மேலே எழுதியவர் கண்ட சிலைகளின் முன்னால் ஊர் இருந்தது. இந்தச் சிலையின் முன்னால் நானும் பள்ளிப் பிள்ளைகள் சிலரும்தாம் இருந்தோம்.

* * *

சிலைகளின் கண்களைப் பற்றி மேலே எழுதிய இருவரும் எழுதவில்லையே! 1978இல் தீவின் அனாக்கேனா கடற்கரையில் வெண்பவளத்தால் செய்த ஒரு கண் கிடைக்கும்வரை அந்தக் கண்குழிகள் வெறுமையாகவே இருந்தன என்றுதான் பலரும் கருதினார்கள். அந்தக் கண்ணைத் தீவின் ஊரான ஹங்கா ரோவாவின் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு, அருகிலிருக்கும் தாஹாய்க்கு நடந்து சென்றேன். அங்கே ஒரு மோவாய்க்கு மட்டும் புதிதாகச் செய்த கண்களைப் பொருத்தியிருக்கிறார்கள். அதுவரை பல சிலைகளின் எதிரே நின்று படம் எடுத்திருந்த நான், அதன் எதிரே வந்ததும் என்னை அறியாமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றேன்.